நரம்புக்குள் ஓடுவது கரண்ட்தானா?

நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். மூளை மெயின் போர்டு, நரம்புகள் ஒயர்கள், உள்ளே கரண்ட் ஓடுகிறது. கொஞ்ச காலமாக இன்னொரு பதிலும் சேர்ந்திருக்கிறது: மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்தால் சந்தோஷம், செரட்டோனின் குறைந்தால் சோகம். இரண்டுமே பாதி உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒட்டினாலும் ஒரு நரம்பணு இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்பது புரியாது. ஒயர் கதையில் வேகம் இடிக்கிறது, ரசாயனக் கதையில் இடம் இடிக்கிறது.

முதலில் வேகம். செம்புக் கம்பியில் மின்சமிக்ஞை கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தை நெருங்கிப் போகும். நரம்பிலும் அப்படித்தான் இருக்கும், அதை அளக்கவே முடியாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞரான யோஹானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் அளந்தே காட்டிவிட்டார். தவளையின் கால் தசையை அதன் நரம்போடு சேர்த்து எடுத்தார். தசைக்குப் பக்கத்தில் ஒரு முறையும், தள்ளி ஒரு முறையும் நரம்பைத் தூண்டினார். இரண்டு தடவையும் தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இருந்த சின்ன வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், விநாடிக்கு 30 மீட்டர் அளவில்தான் வந்தது. நெடுஞ்சாலையில் கார் போகிற வேகம்!

ஒயரில் ஓடுகிற மின்சாரம் இவ்வளவு மெதுவாகப் போகாது. அப்படியானால் நரம்பில் நடப்பது வேறு ஏதோ ஒன்று.

நரம்பணு: ஒரே செல், ஒரு மீட்டர் நீளம்

மூளையிலும் தண்டுவடத்திலும் உடம்பு முழுக்கவும் செய்தி கடத்தும் செல்லுக்கு நரம்பணு என்று பெயர். நியூரான் என்றும் சொல்வார்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

மற்ற செல்களில் இருப்பவை எல்லாம் நரம்பணுவிலும் உண்டு. வடிவம்தான் விசித்திரம். நடுவில் செல்லின் உடல். அதிலிருந்து மரக்கிளை போலப் பிரியும் இழைகள் டெண்ட்ரைட்டுகள். செய்தியை வாங்குவது பெரும்பாலும் இவைதான். அதே உடலிலிருந்து ஒரே ஒரு நீண்ட இழை கிளம்பும். அது ஆக்ஸான். செய்தி இதன் வழியாகத்தான் வெளியே போகும்.

நீண்ட இழை என்றால் எவ்வளவு நீளம்? கால் விரலை மடக்கச் சொல்லும் நரம்பணுவின் உடல் கீழ்முதுகில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அதன் ஆக்ஸான் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் தாண்டிப் பாதத்துக்குப் போகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லின் வால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்.

இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான ஆக்ஸான்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுத்தான் நரம்பு. புறங்கையில் பச்சையாக ஓடுகிறதே, அது இல்லை. அது அசுத்த ரத்தம் போகும் சிரை. 'நரம்பு ஊசி' போடுவதும் அந்தச் சிரையில்தான். உண்மையான நரம்பு வெள்ளை நூல் மாதிரி இருக்கும், பெரும்பாலும் தோலுக்கு மேலே தெரியாது.

சும்மா இருக்கும்போதும் சும்மா இல்லை

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் உப்புத் தண்ணீர். உப்பு கரைந்தால் மின்னூட்டம் உள்ள துகள்களாகப் பிரியும். அவற்றை அயனிகள் என்கிறோம். இந்தக் கதைக்குத் தேவையான அயனிகள் முதலில் இரண்டுதான்: சோடியம், பொட்டாசியம். இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை.

சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் ஓயாமல் ஒரு வேலை செய்கிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதைச் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்பார்கள். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957-இல் இதை அடையாளம் காட்டினார்; நோபல் பரிசு வந்தது 1997-இல். நாற்பது வருடம் கழித்து!

பம்பின் புண்ணியத்தில் வெளியே சோடியம் நிறைய, உள்ளே பொட்டாசியம் நிறைய. இப்போது சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும் துளைகள் உண்டு. அதன் வழியே பொட்டாசியம் கசிந்து வெளியேறும்போது, நேர் மின்னூட்டத்தையும் கொண்டு போகிறது. ஆகவே உள்பக்கம் எதிர் மின்னூட்டம் அடைகிறது. வித்தியாசம் சுமார் 70 மில்லிவோல்ட். உள்ளே எதிர் என்பதால் மைனஸ் 70 என்று எழுதுவார்கள்.

70 மில்லிவோல்ட் என்பது சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அது எவ்வளவு தடிமனுக்கு நடுவே நிற்கிறது என்று பாருங்கள். சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு. அப்படிக் கணக்கிட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேலே போகிறது. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். ஓய்வில் இருக்கிறது என்று நாம் சொல்லும் நரம்பணு இவ்வளவு இழுவிசையில்தான் 'ஓய்வாக' இருக்கிறது. நம் எடையில் 2 சதவீதம் உள்ள மூளை உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பம்புகள் ஒரு முக்கியக் காரணம்.

சரவெடி

இப்போது செய்தி கிளம்பட்டும். சவ்வில் இன்னொரு வகைத் துளை இருக்கிறது. அது சோடியத்துக்கான வாயில். சாதாரணமாக மூடியிருக்கும். மின்னழுத்தம் மாறினால் திறக்கும். இதுதான் அதன் சிறப்பு.

ஏதோ ஒரு தூண்டுதலால் உள்ளே இருக்கும் மைனஸ் 70 கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மைனஸ் 55-ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருக்கும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. நேர் மின்னூட்டம் உள்ளே வருவதால் மின்னழுத்தம் இன்னும் ஏற, இன்னும் பல வாயில்கள் திறக்கின்றன. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உள்பக்கம் பிளஸ் 30, 40 வரை போய்விடும். உடனே சோடியம் வாயில்கள் தாமாகவே அடைபட்டுக்கொள்ள, பொட்டாசியத்துக்கான வேறு வாயில்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நரம்புத் துடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் செயல் மின்னழுத்தம் என்று இருக்கும்.

இது நடந்தது ஆக்ஸானில் ஒரு சின்ன இடத்தில் மட்டும். ஆனால் அங்கே உள்ளே வந்த சோடியம் பக்கத்து இடத்தின் மின்னழுத்தத்தையும் உயர்த்துகிறது. அங்கும் மைனஸ் 55 தாண்டுகிறது, அங்கும் வாயில்கள் திறக்கின்றன. அப்புறம் அதற்கடுத்த இடம்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். முதல் வெடிக்கு நீங்கள் வைத்த நெருப்பு கடைசி வெடி வரை பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு வெடியும் தன் சொந்த மருந்தை எரித்து, அடுத்ததைப் பற்றவைக்கிறது. நரம்பிலும் துகள்கள் தலையிலிருந்து கால் வரை ஓடுவதில்லை. அயனிகள் சவ்வுக்குக் குறுக்கே, உள்ளும் வெளியும்தான் நகர்கின்றன. அந்த நிகழ்ச்சிதான் இடம் விட்டு இடம் நகர்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட அந்த மெதுவான வேகத்துக்கு இதுதான் காரணம்.

சரவெடியிடமிருந்து இன்னும் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ஊதுபத்தியால் பற்றவைத்தாலும் தீப்பந்தத்தால் பற்றவைத்தாலும் சத்தம் ஒன்றுதான். அதேபோல் நரம்புத் துடிப்பில் சின்னது பெரியது கிடையாது. மைனஸ் 55 என்ற எல்லையைத் தொட்டால் முழுத் துடிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமே இல்லை. வழியில் பலவீனமாவதும் இல்லை. கால் விரலில் கிளம்பியது அதே அளவில் தண்டுவடம் வந்து சேரும். வெடித்த வெடி மறுபடி வெடிக்காது என்பதால் சரம் பின்னோக்கி வெடிப்பதில்லை. ஆக்ஸானிலும் இப்போதுதான் துடித்த இடத்தில் சோடியம் வாயில்கள் சற்று நேரம் அடைபட்டிருக்கும், துடிப்பு முன்னால் மட்டுமே போக முடியும். ஆய்வகத்தில் ஆக்ஸானை நடுவில் தூண்டினால் இரண்டு பக்கமும் போகும், நடுவில் பற்றவைத்த சரத்தைப் போலவே.

எங்கே ஒப்புமை உடைகிறது என்றால், சரவெடி ஒரு தடவையோடு காகிதக் குப்பை. ஆக்ஸான் சில மில்லி விநாடிகளில் மறுபடி தயார். ஒரு துடிப்புக்கு உள்ளே வரும் சோடியம் மிகச் சொற்பம் என்பதால், பம்பு ஒவ்வொரு துடிப்புக்கும் ஓடி வந்து சரிசெய்ய வேண்டியதில்லை. பம்பையே விஷம் வைத்து நிறுத்தினாலும், பருமனான ஓர் ஆக்ஸான் ஏராளமான துடிப்புகளை அனுப்பிவிட்டுத்தான் ஓயும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவியது கணவாய். எதிரியைக் கண்டதும் பீய்ச்சியடித்துத் தப்பிக்கும் இந்தக் கடல் உயிரிக்கு ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான ஆக்ஸான் உண்டு. நம்முடையதைவிடப் பல மடங்கு பருமன், உள்ளே மின்முனையைச் செருகலாம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வகத்தில் அதைச் செய்தார்கள். சில வாரங்களில் உலகப் போர் மூண்டது, வேலை நின்றது. போருக்குப் பிறகு தொடர்ந்து, 1952-இல் துடிப்பை முழுவதுமாகச் சமன்பாடுகளில் எழுதிக் காட்டினார்கள். அந்தச் சமயத்தில் கேம்பிரிட்ஜ் கணினி வேலை செய்யவில்லை என்பதால், கைப்பிடியைச் சுற்றும் இயந்திரத்தில் ஹக்ஸ்லி கணக்குப் போட்டார். 1963-இல் நோபல்.

பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் ஊசியும் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அதில் இருக்கும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து சோடியம் வாயில்களை அடைத்துவிடும். பல் வலியை அனுப்பத்தான் முயல்கிறது. சரத்தின் நடுவில் சில வெடிகள் நமத்துப்போன மாதிரி, செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது.

எல்லாத் துடிப்பும் ஒன்றுதான் என்றால் வலி எப்படி, வெளிச்சம் எப்படி?

நியாயமான கேள்வி. மெல்லத் தொடுவதும் அழுத்திப் பிடிப்பதும் ஒரே அளவுத் துடிப்பைத்தான் அனுப்பும் என்றால் வித்தியாசம் எப்படித் தெரிகிறது? இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எட்கர் ஏட்ரியன் 1920-களில் தனித்தனி நரம்பிழைகளிலிருந்து பதிவு எடுத்துப் பார்த்தார். அழுத்தம் கூடினால் துடிப்பின் அளவு கூடவில்லை, எண்ணிக்கை கூடியது. அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் செய்தியின் வலிமை.

வெளிச்சமா சத்தமா என்பதை முடிவு செய்வது எந்த நரம்பு என்பதுதான். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணின் ஓரத்தை இமைக்கு மேலே மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெளிச்சப் பொட்டோ வளையமோ தெரியும். வெளிச்சமே இல்லை, விரல் அழுத்தம் மட்டும்தான். ஆனால் கண் நரம்பில் எது வந்தாலும் மூளைக்கு அது வெளிச்சம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: நரம்பணு உள்ளுக்கும் வெளிக்கும் மின்னழுத்த வித்தியாசத்தை எப்போதும் தாங்கி நிற்கிறது, தூண்டினால் ஓரிடத்தில் சோடியம் பாய்ந்து துடிப்பு உண்டாகிறது, அது அடுத்தடுத்த இடத்தில் புதிதாகப் பிறந்து முன்னேறுகிறது.

உறை போட்ட இழை

பருமனான ஆக்ஸானில் துடிப்பு வேகமாகப் போகும். கணவாய் அந்த வழியை எடுத்தது. நாமும் அதே வழியில் போயிருந்தால் தண்டுவடம் மரத்தடி அளவு இருந்திருக்கும். முதுகெலும்பு உயிரிகள் கண்டது வேறு வழி: ஆக்ஸானைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த உறை. இதற்கு மையலின் என்று பெயர். வேறு செல்கள் வந்து தம் சவ்வை ஆக்ஸானைச் சுற்றிப் பல சுற்று சுற்றிக்கொள்வதால் இது உருவாகிறது. இடையிடையே ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவான தூரத்துக்கு ஒரு முறை, உறையில்லாத சின்ன இடைவெளி இருக்கும். சோடியம் வாயில்கள் அங்கேதான் குவிந்திருக்கும். துடிப்பு ஒவ்வொரு புள்ளியிலும் பிறக்காமல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகிறது.

நல்ல உறை போட்ட பருமனான இழைகளில் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் வரை வரும். உறையே இல்லாத மெல்லிய வலி இழைகளில் ஒன்றிரண்டு மீட்டர்தான், சிலவற்றில் அதற்கும் குறைவு. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். இடித்துவிட்டது என்று உடனே தெரியும், சுருக்கென்று ஒரு வலியும் வரும். உயிர் போகிற அந்த மந்தமான வலி ஒரு நொடி கழித்துத்தான் வந்து சேரும். தனித்தனி இழைகளில் வந்த தனித்தனிச் செய்திகள் அவை.

உறை கெட்டால் என்ன ஆகும் என்பதைச் சில நோய்கள் காட்டுகின்றன. கில்லன்-பாரே நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் இந்த உறையைத் தாக்க, சில நாட்களில் கால் கைகள் செயலிழக்கின்றன. தொழுநோய்க் கிருமி, கை கால் நரம்புகளில் உறை அமைக்கும் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது. தொழுநோயில் விரல்கள் அழுகித் தானாக உதிர்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், சேதத்துக்கு முக்கியக் காரணம் உணர்ச்சி இழப்பு என்று எடுத்துக்காட்டினார். சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பிடிப்பது, காலில் ஆணி குத்தியது தெரியாமல் நடப்பது என்று சின்னச் சின்னக் காயங்கள் சேர்ந்து விரலைத் தின்றுவிடுகின்றன.

இடைவெளி

துடிப்பு ஆக்ஸானின் நுனிக்கு வந்துவிட்டது. இனி?

நரம்பணுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றார் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செல், தொடுவது போல நெருங்கினாலும் ஒன்றாகக் கலப்பதில்லை என்றார் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால். வேடிக்கை என்னவென்றால், கஹால் இதைக் கண்டது கோல்ஜி கண்டுபிடித்த சாயமேற்றும் முறையை வைத்துத்தான். 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசு உரையில்கூட கோல்ஜி தன் பழைய கருத்தை விடவில்லை. கஹால் சொன்னதுதான் சரி என்று பின்னால் மின்னணு நுண்ணோக்கி காட்டியது. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். நடுவில் 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி.

அந்த இடைவெளியைத் துடிப்பு எப்படித் தாண்டுகிறது? மின்சாரமாகவா, ரசாயனமாகவா? இந்தச் சண்டை வெகுநாள் நடந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவிக்கு இதற்கான சோதனை கனவில் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தூக்கத்திலேயே கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் இரவும் கனவு வர, இந்த முறை எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். சோதனை எளிமையானது. துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில், இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டினார், இதயம் மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதற்கு நரம்புத் தூண்டுதலே இல்லை. ஆனாலும் அதுவும் மெதுவானது. நரம்பு நுனியிலிருந்து ஏதோ பொருள் வெளிவந்திருக்கிறது என்பது உறுதியானது. வருடம் 1921. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1936-இல் லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல். இரண்டு வருடத்தில் நாஜிகள் லோவியைச் சிறைப்பிடித்து, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்ட பிறகே நாட்டை விட்டுப் போக விட்டார்கள்.

நடப்பது இதுதான். ஆக்ஸான் நுனியில் நுண்ணிய பைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் ரசாயனத்துக்கு நரம்புக் கடத்தி என்று பெயர். துடிப்பு நுனியை எட்டியதும் கால்சியத்துக்கான வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே வருகிறது. அதன் தூண்டுதலால் பைகள் சவ்வோடு ஒட்டி, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்ப்பக்கச் செல்லில் அந்த ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கிறது, அது ஏற்பி. கடத்தி வந்து ஒட்டியதும் ஏற்பி தன் வேலையைச் செய்கிறது. தசையில் என்றால் சோடியத்தை உள்ளே விடும், தசை சுருங்கும். பிறகு கடத்தியை அப்புறப்படுத்த வேண்டும். அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துவிடும். வேறு பல கடத்திகளை அனுப்பிய செல்லோ பக்கத்துச் செல்லோ திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ரசாயனம் இல்லாமல் மின்னோட்டமே நேராகத் தாண்டும் இணைப்புகளும் சில இடங்களில் உண்டு. பெரும்பாலானவை ரசாயன வகைதான்.

ஒரே இடைவெளி, மூன்று விஷங்கள்

இந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பது நம் ஊர் மருத்துவமனைகளுக்கு நன்றாகவே தெரியும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும்; பல சமயம் வலியே தெரியாது. அதன் விஷத்தில் உள்ள ஒரு நச்சு, தசையைத் தொடும் ஆக்ஸான் நுனியைச் சிதைத்து, பைகள் கொட்ட முடியாமல் செய்துவிடுகிறது. நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள நச்சோ எதிர்ப்பக்கம் போய், தசையின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. முடிவு ஒன்றுதான்: முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். மூளை தெளிவாக இருக்கும், நரம்பில் துடிப்பும் ஓடும், தசையும் நல்ல நிலையில்தான் இருக்கும். நடுவில் அந்த நானோமீட்டர்கள் மட்டும் பழுது. கட்டுவிரியன் கடித்தவர் கண்கூட அசையாமல் கிடப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. வென்டிலேட்டரில் வைத்து, நுனிகள் மறுபடி வளரும் வரை நாள் கணக்கில் காத்திருந்தால் பலர் எழுந்து நடப்பார்கள். நச்சுமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது; சங்கம் தொடங்கியது 1978-இல்.

மூன்றாவது விஷம் வயலில் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். இங்கே குறைவு இல்லை, பெருக்கம். கடத்தி தேங்கிப்போய், எச்சில் வழியும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தசைகள் துடிதுடித்துப் பிறகு தளரும், இதயம் மெதுவாகும். மருத்துவர்கள் அட்ரோபின் கொடுப்பார்கள். அது இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைக்கும். ஆனால் கை கால் தசையில் உள்ளது வேறு வகை ஏற்பி. அதை அட்ரோபின் தொடுவதே இல்லை.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டோபமைனுக்குப் போகும்போது தேவைப்படும்.

'வேண்டாம்' என்பதும் ஒரு செய்தி

கை கால் தசையில் வந்த செய்தி எல்லாமே 'சுருங்கு'தான். மூளைக்குள் விஷயம் வேறு. ஒரு நரம்பணு ஆயிரக்கணக்கான சினாப்ஸ்களிலிருந்து ஒரே நேரத்தில் செய்தி வாங்குகிறது. சில, உள்ளிருக்கும் மின்னழுத்தத்தை மைனஸ் 55-ஐ நோக்கி ஏற்றும். இதற்கான முக்கியக் கடத்தி குளூட்டமேட். சில, எல்லையைத் தொடவிடாமல் கீழே பிடித்து வைக்கும், இதற்கு காபா. தண்டுவடத்தில் கிளைசினும் இந்த வேலையைச் செய்கிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஆக்ஸான் கிளம்பும் இடத்தில் எல்லை தொட்டால் துடிப்பு கிளம்பும். இல்லையென்றால் இல்லை. ஆக்ஸானில் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் இருந்தன. பேரம் பேசும் இடம் சினாப்ஸ்.

தடுக்கும் செய்தி இல்லாவிட்டால் என்ன ஆகும்? எட்டிக்காயைக் கேளுங்கள். எட்டி விதையில் உள்ள ஸ்ட்ரிக்னைன், கிளைசின் ஏற்பியை அடைக்கிறது. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்க, சின்னச் சத்தத்துக்குக்கூட உடம்பு வில்லாக வளையும். ரணஜன்னியின் (டெட்டனஸ்) நச்சும் இதே தடுப்பைத்தான் குலைக்கிறது. அது தடுப்புக் கடத்தி வெளியே கொட்டுவதையே நிறுத்திவிடும். நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கே எத்தனையோ நரம்பணுக்கள் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

டோபமைன் என்ன சொல்கிறது?

லோவியின் தவளை இதயத்தை மெதுவாக்கியது அசிட்டைல்கோலின். கையைச் சுருங்கவைப்பதும் அசிட்டைல்கோலின். ஒரே பொருள் ஓரிடத்தில் அடக்குகிறது, ஓரிடத்தில் முடுக்குகிறது. வித்தியாசம் பொருளில் இல்லை, ஏற்பியில் இருக்கிறது. எந்தச் செல்லில், எந்த வகை ஏற்பி, எந்தச் சுற்றில் என்பதுதான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது.

டோபமைனுக்கும் அப்படியே. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு டோபமைனை டிரிப்பில் ஏற்றுவது வெகுகாலப் பழக்கம். யாரும் அதனால் ஆனந்தக் கூத்தாடியதில்லை. ரத்தத்தில் ஏற்றிய டோபமைன் மூளைக்குள் நுழைவதே இல்லை. இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் அது வேறு செய்தி. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு டோபமைன் சொல்வது 'பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை விடாதே' என்று. வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் அந்த டோபமைன் ஏற்பியை அடைப்பதால், சிலருக்குப் பக்க விளைவாகப் பால் சுரப்பு கூடும். செரட்டோனின் கதையும் இப்படித்தான்; உடம்பில் உள்ள செரட்டோனினில் மிகப் பெரும்பகுதி இருப்பது குடலில்.

மூளைக்குள்ளும் டோபமைனுக்கு ஒரே வேலை இல்லை. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1950-களின் கடைசியில், டோபமைன் தன்னளவிலேயே ஒரு கடத்தி என்று காட்டியது முயல்களின் அசைவை வைத்து. கடத்திகளைக் காலி செய்யும் மருந்து கொடுத்ததும் அசையாமல் கிடந்த முயல்கள், டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்ததும் எழுந்துகொண்டன. நடுமூளையில் டோபமைன் தரும் நரம்பணுக்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது. அதற்கும் லெவோடோபாதான் மருந்து. அது மூளைக்குள் நுழையும்.

பரிசு, ஆசை சம்பந்தப்பட்ட சுற்றுகளிலும் டோபமைன் உண்டு. ஆனால் அந்த நரம்பணுக்கள் அதிகம் துடிப்பது சுகம் கிடைக்கும்போது என்பதைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் துடிப்பில் பெரிய மாற்றம் இல்லை, ஏமாந்தால் குறைகிறது. 'டோபமைன் டீடாக்ஸ்' என்று ஒரு நாள் போனை மூடி வைப்பவர்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம், டோபமைனைக் கழுவி வெளியேற்ற முடியாது. வெளியேற்றினால் எழுந்து நடக்க முடியாமல் போகும்.

பார்க்கின்சனுக்கு டோபமைன் ஏற்பியையே நேரடியாகத் தூண்டும் மாத்திரைகளும் உண்டு. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவருக்குக்கூட, திடீரென்று சூதாட்ட வெறி பிடிக்கிறது. சிலர் தேவையே இல்லாமல் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். வாங்கியதிலோ ஆடியதிலோ பெரிய சந்தோஷம் இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுத்த முடியாத உந்துதல் மட்டும் இருக்கும். வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்துக்கொண்டு இப்படி மாறினால், 'வயசான காலத்தில் இதென்ன புத்தி' என்று சண்டை போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும்.